மஞ்சள் தாள் – 11. எடுத்த நேரம், வைத்த நேரம்

பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, மூன்று வாரமாக அதை யாரிடமும் சொல்லாமல் நடமாடுவது லேசான காரியம் இல்லை. பதிவறை அம்மா அப்படித்தான் நடமாடிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தப் புதன்கிழமை மதியம் அவள் செய்தது என்ன என்று விளங்க வேண்டுமானால், மஞ்சள் தாள் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

கல்லூரியின் முதல் மாடியில் இருக்கிறது பதிவறை. நாலாயிரத்துச் சொச்சம் மாணவர்கள். ஆளுக்கு ஒரு கோப்பு. அட்டையைத் திறந்தால் உள்ளே காகிதக் கட்டு, கயிற்றால் கட்டியிருக்கும். மதிப்பெண், வருகை, ஆசிரியர் குறிப்பு, மருத்துவச் சான்று எல்லாம் அந்தக் கட்டுக்குள். கட்டுக்கு மேலே, அட்டையின் உட்புறம், இரண்டு பின் குத்திய ஒரு மஞ்சள் தாள். அதில் ஐந்து கட்டங்கள்: நாள், பெயர், காரணம், எடுத்த நேரம், வைத்த நேரம்.

கயிற்றைத் தொடுவதற்கு முன் முதல் நான்கை நிரப்ப வேண்டும். முதல்வரே வந்தாலும் அப்படித்தான். பார்த்து முடித்து மறுபடி கட்டிய பிறகு, எடுத்தவர் கையாலேயே ஐந்தாவது கட்டத்தை நிரப்ப வேண்டும். காரணத்துக்குக் குறி எண்கள் உண்டு. சேர்க்கை என்றால் ஒன்று, மதிப்பெண் சேர்ப்பு என்றால் இரண்டு, மாணவர் பார்வை என்றால் மூன்று. இப்படிப் பதினொன்று வரை போகும்.

இந்த ஏற்பாட்டில் அழகான விஷயம் ஒன்று இருக்கிறது. மஞ்சள் தாளும் அந்த மாணவரின் பதிவுதான். ஒரு மாணவராக, என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதோடு என் உரிமை முடிவதில்லை. அதை யார் யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று கேட்பதும் என் உரிமை.

பத்தொன்பது வருடமாக இந்தத் தாள்களோடு வாழ்ந்தவள், அந்தப் புதன்கிழமை எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், இரும்பு அலமாரியைத் திறந்து சொந்த மகளின் கோப்பை எடுத்தாள். ஊழியர்களின் பிள்ளைகளுடைய கோப்புகள் அந்த அலமாரியில் தனியாக இருக்கும். அவற்றைப் பதிவாளர் மட்டும்தான் தொட வேண்டும்.

அட்டையைத் திறந்தாள். கை தானாகப் பேனாவை எடுத்தது. நாள், பெயர், ஒன்று பத்து. அவ்வளவையும் எழுதிவிட்டுத்தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தாள். காரணக் கட்டத்தில் எந்த எண்ணைப் போடுவது என்று தெரியாமல் பேனா நின்றது. கட்டைத் தொடாமலே, வைத்த நேரம் ஒன்று பதினொன்று என்று எழுதி, மூடி, அலமாரியைப் பூட்டிவிட்டாள்.

திருடப் போன இடத்தில் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டு, எதையும் எடுக்காமல் திரும்பி வந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மகள் வீட்டை விட்டு விடுதிக்குப் போய் அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது. போனதற்குக் காரணம் ஒரு வார்த்தை. முதல் பருவத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட்டு, சந்தோஷம் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்கு வந்தாள் மகள். மார்க் வைக்கிற அலமாரியே உங்க வீட்டுலதானே இருக்கு என்று வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். அது தெரியாத அம்மா அடுப்படியிலிருந்தே, "நீ முதல்ல வருவேன்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

பெற்றவள் பெருமையாகச் சொல்கிற வார்த்தை அது. மகளின் காதில் அது வாக்குமூலமாக விழுந்து, பெரிய சண்டையாகி முடிந்தது.

*

வியாழக்கிழமை காலை பத்தேகால். கவுண்டருக்கு முன்னால் வரிசை. பதிவறை அம்மா தலையைத் தூக்காமல், அடுத்தது யாருங்க என்றாள்.

அடுத்து நின்றது அவளுடைய கணவர்.

லிப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். நீலச் சட்டை, தோளில் கருவிப் பை, விரல் இடுக்கில் என்ன தேய்த்தாலும் போகாத கிரீஸ். வீட்டில் கேட்டால் தெரியாது என்கிறாள் என்று, முறையாக வரிசையில் நின்று கேட்க வந்திருக்கிறார். முன்னால் நின்ற இரண்டு பேரும் முடித்துப் போகும் வரை காத்துத்தான் நின்றிருந்தார்.

"என் பொண்ணு வகுப்புக்கு வர்றாளான்னு தெரியணும்," என்றார். "மார்க்கெல்லாம் வேணாம். வர்றாளா, இல்லையா. அது போதும்."

"அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. அவ கையெழுத்து இல்லாம சொல்ல முடியாதுங்க."

வீட்டிலும் அவள் அவரை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். ஆனால் இது வேறு 'ங்க'. கவுண்டருடையது. அவருக்கும் வித்தியாசம் தெரிந்தது.

அவள் சொன்னது சரியான விதி. பிள்ளைக்குப் பதினெட்டு நிறையும் நாள் வரை பதிவைப் பார்க்கிற உரிமை பெற்றோருடையது. அந்த நாளோடு அது பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. பாதி இங்கே, பாதி அங்கே என்று கிடையாது. அதற்குப் பிறகு அப்பாவோ அம்மாவோ பார்க்க வேண்டுமென்றால், யார் பார்க்கலாம், எதைப் பார்க்கலாம், எந்தத் தேதி வரை பார்க்கலாம் என்று பிள்ளையே எழுதிக் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும்.

மகளின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் வரை அந்த உரிமை இவர்களிடம்தான் இருந்தது. ஒரு தடவைகூட இவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை. அப்போது தேவைப்படவில்லை. சாயங்காலமானால் அவளே வந்து, கேட்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதையெல்லாம் அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் சட்டத்தைக் கேக்கல. நீ பாத்தியா, அதைச் சொல்லு."

"பாக்கல."

"பத்தொன்பது வருஷமா இந்த அறையில உக்காந்திருக்கே. ஊர்ப் பிள்ளைங்க ஃபைலெல்லாம் உன் கையில. நம்ம வாலு ஃபைலு மட்டும் கண்ணுல படலையாக்கும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பின்னால் நின்ற மாணவி ஒருத்தி தன் போனை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

பதிவறை அம்மா ஒரு ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டினாள். நான் அவளிடம் கொடுக்கக் கூடாது, கேட்கிறவர்தான் கொடுக்க வேண்டும் என்றாள். அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"லிப்ட்டுல கோளாறுன்னா சத்தத்தை வச்சே சொல்லிடுவேன், எங்கே என்ன தேஞ்சிருக்குன்னு," என்றார். "சத்தமே இல்லாத வீட்டுல போய் எதைச் சரி பண்றது?"

போய்விட்டார்.

அவர் சொன்னது சும்மா இல்லை. மகள் போன இரண்டாம் வாரம், பொழுது போகாமல், குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றிப் புது வாஷர் போட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் இருவருக்கும் உறைத்தது, வீட்டில் மிச்சம் இருந்த ஒரே பேச்சையும் நிறுத்திவிட்டோம் என்று. இரண்டு தட்டு, ஃபிரிட்ஜ் ஓடுகிற ஓசை. அதுவும் சற்று நேரத்தில் நின்றுவிடும்.

*

மதியம் இரண்டு மணிக்குப் பதிவாளர் அவள் மேசைக்கு வந்தார்.

பதிவாளருக்குக் கல்லூரி முழுக்க 'பூட்டு' என்றுதான் பெயர். எதைப் பூட்டினாலும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அவர் போடுகிற முடிச்சும் அப்படியே. இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, மேலே ஒரு சுருக்கு. அதை அவிழ்க்க அவருக்கே மூன்று நிமிடம் ஆகும். பூட்டு கட்டிய கோப்பு என்றால் ஆசிரியர்கள் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"இன்னைக்கு மூணரைக்கு உங்க பொண்ணு வருதும்மா," என்றார். "தன் ஃபைலைப் பாக்கணும்னு திங்கக்கிழமை எழுதிப் போட்டிருக்கு. நானே எடுத்து வைக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

தலையை ஆட்டினாள். அவர் சாப்பிடப் போனார்.

அறையில் அவள் மட்டும். இரும்பு அலமாரிச் சாவி அவள் இழுப்பறையில். புது மஞ்சள் தாள் ஒரு கட்டு, அதே இழுப்பறையில்.

இரண்டு பின்னைக் கழற்ற எவ்வளவு நேரம்? அந்தத் தாளில் அவளுக்கு மேலே இருப்பது இரண்டே வரி, இரண்டும் பூட்டு எழுதியவை: சேர்க்கை, மதிப்பெண் சேர்ப்பு. பூட்டின் கையெழுத்தைப் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறாள். தாளே காணோம் என்றாலும் போன வருடம் எலி கடித்த கதை கைவசம் இருக்கிறது.

இழுப்பறையைத் திறந்தாள். புதுத் தாளின் மஞ்சள் பளிச்சென்று இருந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள்.

கை போகவில்லை. மனசாட்சி என்று பெரிதாகச் சொல்ல வேண்டாம். பழக்கம். திருட்டுத்தனமாக எடுத்த இடத்திலும் கையெழுத்துப் போட வைத்த அதே பழக்கம், இப்போது அதைக் கிழிக்கவும் விடவில்லை. இருபது நிமிடத்தில் பூட்டு பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

*

மகள் சரியாக மூன்றரைக்கு வந்தாள்.

இளைத்திருந்தாள். முடியை வேறு மாதிரி கட்டியிருந்தாள். கவுண்டரைத் தாண்டும்போது அம்மாவைப் பார்த்தாள். ஏதோ தெரிந்தவர்களைப் பார்க்கிற பார்வைதான். அடையாள அட்டையைப் பூட்டிடம் காட்டினாள். அவர் அவளை ஜன்னலோர மேசையில் உட்கார வைத்து, கோப்பை எடுத்து வந்து முன்னால் வைத்தார். கவுண்டருக்கும் அந்த மேசைக்கும் நடுவே ஆறு அடி இருக்கும்.

"மஞ்சள் தாளுக்கு ஒரு காப்பி வேணும் சார்," என்றாள் மகள். "மத்ததெல்லாம் சும்மா ஒரு தடவை பாத்துட்டுக் குடுத்துடறேன்."

அது எதற்கு என்று கேட்கப் பூட்டுக்கு உரிமை இல்லை. அவர் கேட்கவும் இல்லை. அவளாகத்தான் சொன்னாள். கவுண்டர் பக்கம் திரும்பாமல், கவுண்டருக்குக் கேட்கிற மாதிரி.

"வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சார். எங்க அம்மா அந்த மாதிரி ஆள் இல்ல, அந்தத் தாள்ல அவங்க பேரே இருக்காது, வேணும்னா கொண்டுவந்து காட்டறேன்னு."

பதிவறை அம்மாவின் கையில் இருந்த முத்திரைக் கட்டை காகிதத்தில் இறங்காமல் அந்தரத்தில் நின்றது.

வீட்டில் அவ்வளவு சண்டை போட்டுவிட்டு வெளியே போன பெண், வெளியில் போய் அம்மாவுக்காகச் சண்டை போட்டிருக்கிறாள்.

அட்டை திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

பூட்டு எழுந்தார். எதிர்ச்சுவரில் இருந்த அலமாரிகளைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போய், முதல் பூட்டை இழுத்துப் பார்த்தார். அன்று காலையே அவற்றை மூன்று தடவை இழுத்திருந்தார்.

"அம்மா."

பதிவறை அம்மா எழுந்து ஆறு அடியையும் நடந்து போய் நின்றாள். உட்காரவில்லை.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"எதுக்கு எடுத்தே?"

"எடுத்தேன். பாக்கல."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் இரண்டு அடி வாங்கியிருக்கலாம் என்று பதிவறை அம்மாவுக்கு இருந்தது.

"எடுத்தியாம், பாக்கலையாம். இதை நான் யார்கிட்டப் போய் சொல்லுவேன்? நீ பாத்திருப்பேன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒருத்திதான் இல்லன்னு நின்னேன்."

பதிவறை அம்மா உண்மையைத்தான் சொல்லியிருந்தாள்.

மகள் மஞ்சள் தாளில் நான்காவது வரியைத் தொடங்கினாள். நாள், பெயர், குறி எண் மூன்று, எடுத்த நேரம் மூன்று முப்பத்தெட்டு. அவள் எழுத்தும் அம்மாவின் எழுத்து மாதிரியே இருந்தது. பிறகு கட்டை இழுத்து, கயிற்றில் கை வைத்தாள்.

முடிச்சு அசையவில்லை.

நகத்தால் நெருடினாள். சுருக்கை இழுத்தாள், அது இன்னும் இறுகியது. திருப்பிப் பிடித்து, குறுக்கில் பேனா முனையை விட்டுப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதிவறை அம்மாவின் விரல்கள் உதவிக்குப் போகத் துடித்தன. அவள் அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. மூன்று நாற்பத்தொன்று.

"இதை யார் கட்டினது?"

"பதிவாளர் சாரு."

"அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு நிமிஷம். நகம் வளர்த்திருந்தா ரெண்டு."

மகளின் கை நின்றது. மெதுவாக, அட்டையின் உட்புறம் மஞ்சள் தாளைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரி. எடுத்த நேரம் ஒன்று பத்து. வைத்த நேரம் ஒன்று பதினொன்று.

அவள் சின்னவளாக இருந்தபோதே இந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில், கதை மாதிரி. பெயரைப் பார்க்காதே, நேரத்தைப் பார். பெயர் யார் வந்தார் என்று மட்டும்தான் சொல்லும். நேரம்தான் என்ன செய்தார் என்று சொல்லும்.

மகள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள், ஒரே ஒரு நிமிடம். பூட்டு ஐந்தாவது அலமாரியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"காரணம் எழுதல," என்றாள் கடைசியில்.

"என்ன எழுதறதுன்னு தெரியல."

"காலியா விடக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே." பேனாவைத் திருப்பி நீட்டினாள். "எழுது."

கட்டம் இரண்டு விரல் அகலம்தான். பதிவறை அம்மா குனிந்தாள். இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, பொடி எழுத்தில் எழுதினாள்: வீட்டில் சத்தமே இல்லை.

மகள் அதைப் படித்தாள். அப்படியே அட்டையை மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"காப்பி இன்னைக்கு வேணாம் சார்," என்று பூட்டிடம் சொன்னாள். கவுண்டர் பக்கம் திரும்பாமல் வெளியே போய்விட்டாள். படியில் அவள் காலடி தடதடவென்று இறங்கி, கடைசிப் படிகளில் மெதுவாகி, நின்றது. எதற்காக நின்றது என்று பதிவறை அம்மாவுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கத் துணிவும் வரவில்லை.

*

ஐந்து மணிக்குக் கோப்பை எடுத்து வைக்கப் போன பூட்டு, அட்டையைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். மூன்றாவது வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.

"இந்தக் காரணத்துக்கு நம்மகிட்ட குறி எண் இல்லையேம்மா," என்றார்.

"இல்ல சார்."

"இந்த அலமாரியை நீங்க தொட்டிருக்கக் கூடாது."

"தெரியும் சார்."

"நாளைக்குக் காலையில பேசுவோம்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பத்தொன்பது வருடத்தில் இந்த அறையிலிருந்து போன இரண்டு பேரையும் அவர் இப்படித்தான், கோபமில்லாமல், காலையில் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் விரல் ஒரு வரி கீழே இறங்கியது. "உங்க பொண்ணு வைத்த நேரம் எழுதாமப் போயிடுச்சே. இதை உள்ளே வைக்க முடியாது. எடுத்தவங்க கையாலதான் எழுதணும். விட்டுப்போச்சு போல."

பதிவறை அம்மா அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு விட்டுப்போகாது சார், வேணும்னுதான் விட்டுட்டுப் போயிருக்கா," என்றாள்.

பூட்டு கோப்பை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

கீழே, படிக்கட்டை ஒட்டிய பெஞ்சில் அவளுடைய கணவர் உட்கார்ந்திருந்தார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, சும்மா வந்து உட்கார்ந்தேன் என்றார். அவர் சட்டைப்பை தட்டையாக இருந்தது.

"படிவம் எங்கேங்க?"

"வாலு வாங்கிக்கிட்டா. இப்படி எதிர்ல வந்து நின்னா. நான் எடுத்து நீட்டினேன். ஒண்ணும் பேசல." எழுந்து கருவிப் பையை மாட்டிக்கொண்டார். "பேனா இருக்கான்னு கேட்டா. குடுத்தேன். அதையும் எடுத்துட்டுப் போயிட்டா."

இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார். "மேலே உன்கிட்ட வந்தாளா? என்ன பேசினா?"

யார் வந்து எந்தக் கோப்பைப் பார்த்தார்கள் என்பதும் பதிவுதான். அதையும் மகளின் கையெழுத்து இல்லாமல் சொல்லக் கூடாது. அதை அவரிடம் சொல்ல வாய் எடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"நாளைக்கு நான் சீக்கிரம் போகணும்ங்க," என்றாள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குப் போய்க் கைகால் கழுவினார். வெளியே வந்தபோது, உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. புது வாஷர் போட்ட குழாய் தானாகச் சொட்டாது.

அவள் எழுந்து போய் அதை மூடவில்லை.